வீடு வாங்கும் முன் கரண்டி பிடியுங்கள்

கேரளத்து மலையூரான காந்தலூரில் ஒரு பழைய மண்சுவர் வீடு விலைக்கு வருகிறது. வாங்கிப் பழுதுபார்த்துக் குடியேறலாம் என்று நினைக்கிறீர்கள். முன்பணம் கொடுக்குமுன் ஒரு வாரம் யாராவது கொத்தனாரிடம் சித்தாளாகப் போய் நில்லுங்கள். கூலியை மிச்சம் பிடிக்க அல்ல. சுவரைப் பார்த்தால் அதன் கோளாறு தெரிய வேண்டும், அதற்குக் கை பழகியிருக்க வேண்டும்.

முதல் நாள் நீங்கள் சுவரில் அடிக்கும் கலவையில் பாதி காலடியில் விழும். இரண்டு நாளில் பூச்சு எங்கே பிடிக்கிறது, எங்கே பிடிக்கவில்லை என்று புரிய ஆரம்பிக்கும். அப்புறம் வீடு பார்க்கப் போகும்போது சுவரை விரல் முட்டியால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. மண்சுவர்மேல் சிமெண்ட் பூசிய இடங்களில் இது அதிகம். மண் ஈரத்தை உறிஞ்சும், காய்ந்தால் விட்டுவிடும். சிமெண்ட் அதை வெளியேற விடாது. உள்ளே சுவர் இளக, பூச்சு மட்டும் ஓடுபோல நிற்கும். அங்கே சுண்ணாம்புப் பூச்சோ மண்பூச்சோதான் சரி.

சிமெண்டை உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மலையேற்றினால் வண்டிக்கூலி தனி. மண் கொல்லையிலேயே இருக்கிறது. அது பூச்சுக்கு ஆகுமா என்று பார்க்க, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி இரவு முழுக்க வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே படியும். களி மிகுந்தால் பூச்சு வெடிக்கும். மணல் சேர்க்க வேண்டும்.

முறையாகக் கற்க, 1989-இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனமும் திருவண்ணாமலை 'தணல்' அமைப்பும் பயிற்சி தருகின்றன. இன்றைய இடுக்கி மாவட்டத்து வாகமணில் 1960-களில் குடியிருந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், சாதாரண ஜனங்களுக்காகப் படம் போட்டு எழுதிய சிறு நூல்களும் உண்டு.

வயரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். நிலப் பட்டயம் பார்ப்பதும் கொத்தனார் வேலை இல்லை. அதற்கு வில்லேஜ் ஆபீஸ், வக்கீல்.

காந்தலூர் மழைமறைவு ஊர்தான், ஆனாலும் ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லாச் சுவரும் நல்ல சுவரே! தரையிலிருந்து ஒரு முழத்துக்கு ஓதம் ஏறியிருந்தால், வெளியே சுவரை ஒட்டி மண் மேடேறியிருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த மேட்டை வெட்டி வாய்க்கால் இழுப்பது இரண்டு நாள் மண்வெட்டி வேலை. அதை வெளியே சொல்லாமல், ஓதத்தைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.