மலபார் தாவர நூலும் அதன் மின்படிகளும்

விஞ்ஞானத்தின் பெரும்பாலான பிரிவுகளில் பழைய நூல்கள் காலப்போக்கில் வரலாற்றுக்குரியனவாக மாறிவிடுகின்றன. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிடும் துறையில் நிலைமை அவ்வாறன்று. ஓர் இனத்துக்கு முறைப்படி முதலில் இடப்பட்ட பெயரே செல்லத்தக்கது என்பது இத்துறையின் விதி. தாவரங்களைப் பொறுத்தவரை இவ்விதி லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட ‘ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்’ என்னும் நூலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே ஒரு செடியின் பெயரை உறுதி செய்ய விரும்புவோர் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பக்கங்களைப் புரட்ட வேண்டியவராகின்றனர். அப்பக்கங்களோ பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்களில் உள்ளன. அவை விவரிக்கும் செடிகள் நம் நாட்டில் உள்ளன. இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியே பல்லுயிர் நூல்களை மின்வடிவமாக்கும் பணியாகும். இதன் பயனையும் இதில் எஞ்சியுள்ள குறையையும் அறியக் கொச்சியில் உருவான ஒரு நூல் தக்க சான்றாகும்.

கொச்சியில் உருவான நூல்

1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். பின்னர் மலபாரில் டச்சு நிர்வாகத் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடே, இப்பிரதேசத்தின் தாவரங்களை விவரிக்கும் நூலொன்றைத் தயாரிக்க முற்பட்டார். ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ எனப்படும் அந்நூல், 1678 முதல் 1693 வரை, 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் லத்தீன் மொழியில் வெளிவந்தது. ஏறத்தாழ 740 தாவரங்களின் விவரங்களும், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட 790 அளவிலான படங்களும் அதில் அடங்கியுள்ளன.

செடிகளின் பெயரையும் மருத்துவப் பயனையும் எடுத்துரைத்தவர்கள் உள்நாட்டு வைத்தியர்களே. சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் அவர்களுள் முதன்மையானவர். கொங்கணி பேசும் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய மூவரும் உடனிருந்து உதவினர். கொங்கணி மக்கள் இன்றும் மட்டாஞ்சேரியில் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சூழ்ந்து வாழ்கின்றனர். வைத்தியர்கள் 1675-இல் தத்தம் எழுத்தில் அளித்த சான்றுரைகள் முதல் தொகுதியிலேயே அச்சிடப்பட்டுள்ளன. படங்களில் செடியின் பெயர் ரோமன் எழுத்தில் மட்டுமன்றி மலையாளம், அரபு முதலிய எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டது.

நூலகங்களின் கூட்டுறவு

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் சேர்ந்த 10 நூலகங்கள் ஒன்றுகூடி ‘பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தன. பின்னர்ப் பிற நாடுகளின் நிலையங்களும் இதிற் சேர்ந்தன. இதன்வழி வெளியான பக்கங்கள் இன்று 6 கோடிக்கு மேற்பட்டவை. எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். மிசூரி தாவரவியல் பூங்காவின் நூலகத்திலுள்ள ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் பிரதி இவ்வாறே உலகினருக்குக் கிடைத்தது. கொச்சியில் பணியாற்றிய மருத்துவரான பிரான்சிஸ் டே 1865-இல் வெளியிட்ட மலபார் மீன்களைப் பற்றிய நூலும் அங்குள்ளது.

பணியின் முறை பின்வருமாறு. ஒரே நூலை இருவர் படமெடுக்காதிருக்க, நூலகங்கள் தம் பட்டியல்களை முதலில் ஒப்பிடுகின்றன. பழைய கட்டடம் சிதையாதபடி நூலைத் தாங்கியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கின்றனர். அப்படத்திலுள்ள எழுத்தைக் கணிப்பொறி படித்து, தேடத்தக்க உரையாக மாற்றுகிறது. இறுதியாக, அவ்வுரையிலுள்ள விஞ்ஞானப் பெயர்களை மற்றொரு நிரல் கண்டெடுத்து அட்டவணைப்படுத்துகிறது. ஒரு செடியின் பெயரைத் தட்டச்சு செய்தால் அது வரும் பக்கங்கள் யாவும் முன்வருவது இதனாலேயே.

இயந்திரம் காணாத பெயர்கள்

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. இயந்திரம் தேடுவது இருசொற் பெயர்களையே. லின்னேயஸுக்கு முற்பட்ட ஹோர்ட்டஸ் மலபாரிகஸில் அத்தகைய பெயர்கள் இல்லை. ‘தெங்கா’, ‘பாலா’ போன்ற மலையாளப் பெயர்களே தலைப்பாக உள்ளன. அக்கால லத்தீன் அச்சில் ‘எஸ்’ என்னும் எழுத்தின் நீண்ட வடிவம் ‘எஃப்’ போலத் தோன்றுவதால், உரையிலும் பிழைகள் நேர்கின்றன. செப்புத் தகட்டுப் படத்தில் பொறித்த மலையாள எழுத்து இயந்திரத்துக்கு வெறும் கோடுகளே. ஆகவே வைத்தியர்கள் அளித்த பெயர்கள் மின்படியில் கண்ணுக்குத் தெரிந்தும் தேடலுக்கு அகப்படாமல் இருக்கின்றன.

அப்பெயர்களை இன்றைய பெயர்களுடன் இணைப்பது விஞ்ஞானியின் பணி. கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியராக இருந்த கா. சு. மணிலால் இப்பணியில் பல்லாண்டுகள் ஈடுபட்டார். டான் நிகல்சன், சி. ஆர். சுரேஷ் ஆகியோருடன் அவர் எழுதிய விளக்க நூல் 1988-இல் வெளிவந்தது. அவரது ஆங்கில மொழிபெயர்ப்பை 2003-லும், மலையாள மொழிபெயர்ப்பை 2008-லும் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நூலகம் பக்கத்தை அளிக்கலாம். அப்பக்கத்திலுள்ள செடி எது என்பதை ஆராய்ச்சியாளரே கூற வல்லவர்.

பாலா: ஓர் உதாரணம்

முதல் தொகுதியின் 45-ஆம் படம் ‘பாலா’ என்னும் மரத்தைக் காட்டுகிறது. லின்னேயஸ் 1767-இல் இம்மரத்துக்கு ‘எக்கைடிஸ் ஸ்காலரிஸ்’ எனப் பெயரிட்டார். பின்னர் ராபர்ட் பிரௌன் இதை ‘ஆல்ஸ்டோனியா’ என்னும் பேரினத்துக்கு மாற்றினார். தமிழில் இது ஏழிலைப்பாலை. ஆனால் தமிழ்நாட்டில் ‘பாலை’ என்றே வழங்கும் மரம் மணில்காரா இனத்தைச் சேர்ந்தது. ‘வெட்பாலை’ என்பதோ ரைட்டியா இனத்தைச் சேர்ந்தது. மூன்றிலும் பால் வடிகிறது. மூன்றும் வெவ்வேறு மரங்கள். ஒரு பக்கத்தில் கூறிய மருத்துவப் பயனைப் பெயரொற்றுமை கருதி மற்றொரு மரத்துக்கு ஏற்றினால் விளைவு தீங்காகலாம்.

களப்பணியாளரும் ஆசிரியரும்

எனவே மின்படியை மேற்கோள் காட்டுவோர் தொகுதி எண், பட எண், அதில் அச்சிட்ட பெயர் ஆகிய மூன்றையும் குறித்தல் வேண்டும். களத்தில் கேட்ட ஊர்ப்பெயரை, கேட்ட எழுத்திலேயே, ஊர், தேதி, சேகரித்த மாதிரியின் எண் ஆகியவற்றுடன் தனியே பதிவு செய்தல் நன்று. ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்தல் ஆகாது. ஆசிரியர்கள் பள்ளி வளாகத்து மரமொன்றை எடுத்து, அதன் பழைய படத்தையும் உயிருள்ள இலையையும் மாணவரைக்கொண்டு ஒப்பிடச் செய்யலாம்.

கடக்கரப்பள்ளி வைத்தியர் கூறிய பெயர் ஆம்ஸ்டர்டாம் சென்று அச்சேறி, மிசூரி வழியாக இன்று நம்மிடம் திரும்பியுள்ளது. அதே பெயர் இன்றும் அவ்வூர்களில் வழங்குகிறதா, எம்மரத்துக்கு வழங்குகிறது என்பதை உறுதி செய்ய வல்லவர் அங்கு பணியாற்றும் களப்பணியாளரே. அவரது குறிப்பேட்டிலுள்ள ஒரு வரி, நூலகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் தொடங்கிய பணியை நிறைவு செய்ய உதவும்.