நாய்க்குப் படம், எஜமானுக்குப் பரிசு

1841 கிறிஸ்துமஸுக்குக் கணவர் ஆல்பர்ட்டுக்குப் பரிசளிக்க, அவருடைய செல்ல நாய் ஈயோஸை வரைந்து தரும்படி ஓவியர் எட்வின் லாண்ட்சீரிடம் சொன்னார் விக்டோரியா மகாராணி. அந்தப் படத்தில் ஆல்பர்ட் இல்லை. அவருடைய தொப்பியும் கையுறையும் கைத்தடியும் மட்டும் இருக்கின்றன. பக்கத்தில் மெலிந்த கறுப்பு நாய் தலை தூக்கி நிற்கிறது. வரைந்தது நாயை. ஆனால் பார்ப்பவர் மனதில் நிற்பது எஜமானுக்காகக் காத்திருக்கும் அதன் நிலை. செல்லப்பிராணி ஓவியத் தொழில் இன்றைக்கும் ஓடுவது இந்த உறவை நம்பித்தான்.

லாண்ட்சீர் லண்டனில் செதுக்கோவியர் ஒருவரின் மகனாக 1802-ல் பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே ராயல் அகாடமி கண்காட்சியில் அவர் படம் இடம்பெற்றது. அரண்மனை வாடிக்கை அவருக்குப் பெருமை தந்தது. சாதாரண வீட்டுச் சுவர்களுக்கு அவரைக் கொண்டுசேர்த்தவையோ அச்சுப் பிரதிகள். அவற்றுள் பலவற்றைத் தகட்டில் செதுக்கியவர் அண்ணன் தாமஸ். பணவிஷயங்களை நண்பர் ஜேக்கப் பெல் கவனித்துக்கொண்டார். 1839-ல் லாண்ட்சீர் வரைந்த புகழ்பெற்ற படத்தில் ஒரே கூண்டிலிருந்து எட்டிப்பார்க்கும் பெரிய நாயும் குட்டை நாயும் இந்தப் பெல் வளர்த்தவைதான்! திறமை ஒருவரிடம், கணக்கு இன்னொருவரிடம். தனியாகத் தொழில் தொடங்கும் ஓவியர்கள் பலர் தடுமாறுவது இரண்டாவதில்தான்.

மாடலாக நாயை உட்காரவைப்பது வீண் வேலை. டேவிட் ஹாக்னி 1995-ல் தம்முடைய இரண்டு டாக்ஸ்ஹுண்ட் நாய்களை வரைந்தபோது, அவை எங்கே படுத்தாலும் வரைய வசதியாக வீட்டில் ஆங்காங்கே கேன்வாஸைத் தயாராக வைத்திருந்தார். அடுத்தவர் நாயை வரைபவருக்கு அந்த வசதி ஏது? புகைப்படம்தான் கதி. மேலிருந்து எடுத்த படத்தில் தலை பெருத்து, கால் சிறுத்துவிடும். ஃப்ளாஷ் அடித்தால் படத்தில் கண் சரியாக விழாது. மோசமான படத்தை வாங்கிக்கொண்டு ‘சமாளிக்கலாம்’ என்று இறங்குகிறவர், கடைசியில் “இது எங்க டாமி இல்லையே” என்ற பதிலைக் கேட்க நேரும். அதனால் அனுபவசாலிகள் பல படங்கள் கேட்பார்கள், முன்பணம் வாங்குவார்கள், வண்ணம் தீட்டுமுன் கோட்டுருவத்தைக் காட்டி ஒப்புதல் பெறுவார்கள். விலையைத் தாளின் அளவை வைத்து மட்டும் சொன்னால் கையைச் சுடும். வண்ணப் பென்சிலால் அடர்ந்த ரோமத்தை இழை இழையாகக் கொண்டுவருவது நேரத்தை விழுங்கும் வேலை.

இறந்துபோன செல்லத்தை வரையச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. தலைகீழாக, எஜமானை இழந்த நாயும் ஓவியமாகியிருக்கிறது. 1910-ல் ஏழாம் எட்வர்ட் மன்னர் இறந்தபோது, இறுதி ஊர்வலத்தில் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தது அவருடைய நாய் சீசர். மன்னரின் நாற்காலியில் அது தலைசாய்த்திருப்பதாக மாட் ஏர்ல் வரைந்தார். நாய் ஓவியத்தையே வாழ்க்கையாக்கிக்கொண்ட பெண் அவர். தந்தையும் அதே துறை.

வரையவே தெரியாமலும் இதில் பேர் வாங்கியவர் உண்டு. இங்கிலாந்தின் வொர்த்திங் நகரத்து ஃபில் ஹெக்கல்ஸ், 2020-ல் தன் நாயைக் கிறுக்கி விளையாட்டாக ஃபேஸ்புக்கில் போட்டார். ஆளாளுக்குத் தங்கள் செல்லத்தையும் வரையச் சொன்னார்கள். வீடற்றோருக்கான தொண்டு அமைப்புக்கு அந்தக் கிறுக்கல்கள் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டித் தந்தன. ஆனால் அது நகைச்சுவையின் வெற்றி. அதை நம்பி யாரும் பென்சில் பயிற்சியை விட்டுவிட வேண்டாம்.

உங்கள் வீட்டு நாயையோ பூனையையோ வரைந்து வாங்க ஆசையா? ஜன்னலோர வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் கண்மட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். ஓவியரின் பாதி வேலை மிச்சம்.