மண்ணுக்கடியில் ஒரு வாட்போர்ப் பள்ளி

மாரிகுப்பத்தில் வாழும் நம்மவர்க்கு, மண்ணுக்கடியில் இருப்பதை வெளியிலிருந்தே அறியும் கலை புதிதன்று. சுரங்கத்துள் பாறை வெடித்த இடத்தை நிலநடுக்கமானிகளைக் கொண்டு கணித்த வட்டாரம் அது. மண்வெட்டி படாமலே கண்டறியப்பட்ட பழங்கட்டடம் ஒன்றைப் பற்றி இங்கே கூறப் புகுகிறோம்.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், டான்யூப் நதிக்கரையில் கார்னுண்டம் என்ற ரோமானிய நகரம் இருந்தது. அங்கே வயலாகக் கிடந்த நிலத்தின் மீது ஆராய்ச்சியாளர் ரேடார் கருவியை ஓட்டினர். கருவி அனுப்பும் மின்காந்த அலை, புதைந்த சுவரில் மோதித் திரும்புகிறது. திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழம் புலனாகிறது. 2011-இல் முடிவு வெளியாயிற்று. புதைந்திருந்தது கிளாடியேட்டர் எனப்படும் வாட்போர் வீரர்களின் பயிற்சிப் பள்ளி.

முற்றத்தில் 19 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் களம். அதன் நடுவே மரக்கம்பம் நட்ட அடையாளம். அக்கம்பத்தையே பகைவனாகக் கொண்டு வாள் வீசிப் பழகினர். குளிர் நாடன்றோ, தரைக்கடியில் வெப்பக் காற்றுச் செலுத்திய கூடமும் உண்டு. வீரர் உறங்கியவை மிகச் சிறிய அறைகள். வெளியே செல்ல ஒரே வாயில். அதன் எதிரே போட்டி அரங்கிற்குச் செல்லும் சாலை. பள்ளிக்குப் பின்னால் இடுகாடு. வேறு சான்றே வேண்டா; இவ்வரைபடம் போதும்.

துருக்கியில் எபேசஸ் நகரில் 1993-இல் கண்டெடுத்த வீரர்களின் எலும்புகளில், நன்கு ஆறிய முறிவுகள் பல உள்ளன. தேர்ந்த மருத்துவம் கிடைத்திருக்கிறது. இதைக் கருணை என்று நாம் கொள்வதற்கில்லை. பழக்கிய ஆள் மடிந்தால் உடையவனுக்கு நட்டம்.

நம் நாட்டில் இத்தகைய பள்ளி அகப்பட்டதாகத் தெரியவில்லை. எனினும் ஆந்திரத்து நாகார்ஜுனகொண்டாவில், 1954 முதல் 1960 வரை நடந்த அகழ்வில், படிவரிசை இருக்கைகள் சூழ்ந்த அரங்கு ஒன்று வெளிப்பட்டது. ரோமானியத் தொடர்பின் சாயல் என்பர் சிலர். அணை நீர் பள்ளத்தாக்கை மூடுமுன் அதைப் பெயர்த்து, அனுப்பு என்னுமிடத்தில் மீண்டும் அமைத்தனர்.

இப்பள்ளிகளுக்கு வந்தவர் யாவர்? போர்க் கைதிகள், அடிமைகள், வறுமையால் தம்மையே ஒப்பந்தத்திற்கு விற்றவர்கள், குற்றவாளிகள். ரோமானிய நீதிமன்றம் குற்றவாளியைப் பள்ளிக்கும் அனுப்பும், சுரங்கத்திற்கும் அனுப்பும். பள்ளிக்குச் சென்றவன் சில ஆண்டுகள் பிழைத்திருந்தால் விடுதலைக்கு வழியுண்டு. சுரங்கமோ பெரும்பாலும் ஆயுள் முழுவதற்கும். அதனால் சுரங்கத் தண்டனையையே, மரண தண்டனைக்கு அடுத்த கொடுமையாக அந்நாட்டு நீதிநூலார் வைத்தனர்.