உஷார்! சைடரில் பழம் சேர்க்கிறீர்களா? பாட்டில் வெடிக்கும்!

கையிலிருக்கும் மாம்பழக் கூழ் டின்னைக் கொஞ்சம் கீழே வையுங்கள். சைடரில் அதை ஊற்றி, இன்றைக்கே பாட்டிலில் அடைத்து மூடி போடுவதாக இருந்தால், நீங்கள் தயாரிப்பது வெடிகுண்டு.

இங்கிலாந்தில் செப்டம்பர், அக்டோபர் வந்தால் ஆப்பிளைப் பிழிந்து, சாற்றை நொதிக்கவிட்டு வீட்டிலேயே சைடர் போடுவது சாதாரணம். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே உரிமம் கேட்பதில்லை. (தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.) ஆனால் ஆப்பிளில் இருந்த இனிப்பையெல்லாம் ஈஸ்ட் தின்று தீர்த்துவிடுவதால், கடைசியில் கிடைப்பது வறட்டுப் புளிப்பு. கடையில் விற்கும் பழ சைடருக்குப் பழகிய நாக்குக்கு அது பிடிக்காது. அதனால்தான் ராஸ்பெர்ரி, செர்ரி, மாம்பழம், சிரப் என்று எதையாவது சேர்க்கத் தோன்றுகிறது.

சைடர் தெளிந்துவிட்டதால் ஈஸ்ட் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் ஊற்றும் பழம் அதற்கு விருந்து. தின்ற சர்க்கரையில் ஏறக்குறைய பாதி எடைக்கு அது கரியமில வாயுவை வெளியே விடும். மூடிய பாட்டிலுக்குள் அந்த வாயு எங்கே போகும்?

கணக்கைப் பாருங்கள். 20 லிட்டர் சைடரில் 2 கிலோ மாம்பழக் கூழ். அதில் சுமார் 280 கிராம் சர்க்கரை, அதாவது லிட்டருக்கு 14 கிராம். நுரைக்காக அளந்து போடும் சர்க்கரையே லிட்டருக்கு 6 முதல் 8 கிராம்தான். முழுவதும் நொதித்தால், அறை வெப்பத்தில் கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம் உள்ளே நிற்கும். சாதாரண பீர் பாட்டில் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. டின் கூழில் கூடுதலாகச் சர்க்கரை கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஃபிரிட்ஜில் வைத்தால் போதும் என்பார்கள். குளிர் ஈஸ்ட்டை மந்தப்படுத்துமே தவிரக் கொல்லாது. பொட்டாசியம் சார்பேட் என்ற பதனப்பொருளும் ஈஸ்ட் பெருகுவதைத்தான் தடுக்கும்; ஏற்கனவே வேலையில் இருக்கும் ஈஸ்ட்டை நிறுத்தாது. நொதித்தல் முடிந்த பிறகு சல்ஃபைட்டோடு சேர்த்துப் போட்டால் பலன் உண்டு, ஆனால் ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்குச் சல்ஃபைட் ஆகாது. எல்லாவற்றையும் விட விபரீதம், நுரை கட்டிய பாட்டிலை வெந்நீர்ச் சட்டியில் இறக்கி ஈஸ்ட்டைக் கொல்லப் பார்ப்பது. சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும், முகமோ சட்டிக்கு மேலேயே இருக்கும்!

பழம் போட்டே ஆகவேண்டுமா? வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் மாட்டிய வாளியில் போட்டு, மறுபடி நொதிக்க விடுங்கள். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.000-க்கு அருகிலோ கீழோ இறங்கி, சில நாள் அசையாமல் நின்ற பிறகே பாட்டிலைத் தொடுங்கள். செர்ரி, ஆப்ரிகாட் என்றால் கொட்டையை எடுத்துவிடுங்கள். உள்ளிருக்கும் பருப்பு நசுங்கினால் சயனைடு வரும். மணம் மட்டும் போதும் என்றால் சர்க்கரை இல்லாத எசென்ஸ் இருக்கிறது. இனிப்பு வேண்டுபவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: குடிக்கும்போது கிளாஸில் சிரப்பை ஊற்றிக்கொள்ளுங்கள். சைடர் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஏற்கனவே அடைத்து அலமாரியில் வைத்துவிட்டவர்களே, பாட்டிலை வெறுங்கையால் எடுக்காதீர்கள். தடித்த கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, பாட்டில்களை மூடியுள்ள கெட்டிப் பெட்டியில் வைத்துக் குளிர வையுங்கள். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். பிறகு ஒவ்வொன்றாகத் துண்டால் சுற்றி, முகத்தை விலக்கி, மூடியை மெதுவாக நெம்பிக் காற்றை விடுங்கள்.