எரிபஸ் மலையில் மாண்ட 257 பேர்

1979 நவம்பர் 28 அன்று நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து டி.ஸி.10 ரக விமானமொன்று புறப்பட்டது. தென் துருவப் பனிக் கண்டத்தை ஆகாயத்திலிருந்தே கண்டு, அங்கு இறங்காமல் திரும்பும் உல்லாசப் பயணம் அது. ஏர் நியூஸிலாந்து கம்பெனி 1977 முதல் இத்தகைய பயணங்களை நடத்தி வந்தது. பிரயாணிகள் 237 பேர், சிப்பந்திகள் 20 பேர், ஒருவரும் மீளவில்லை. 12,000 அடிக்கு மேல் உயர்ந்த எரிபஸ் எரிமலையின் அடிச்சரிவில், சுமார் 1,500 அடி உயரத்தில், விமானம் மோதிச் சிதறியது.

மேகத்துள் வழி தெரியாமல் பறந்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. சிதறல்களிடையே கிடைத்த பிரயாணிகளின் பிலிம் சுருள்களைக் கழுவிப் பார்த்தபோது, ஜன்னலுக்கு வெளியே காட்சி தெளிவாகவே இருந்தது. மேலே வெண்மேகம், கீழே வெண்பனி. எதிரே எழுந்த சரிவு விமானிகளுக்குச் சமதரையாகவே தோன்றியது.

மலைக்கு நேராக ஏன் சென்றனர்? மக்மர்டோ கடற்பரப்பின் மேலாகச் செல்லும் மார்க்கமே அவர்களுக்கு முன்னர் விளக்கப்பட்டிருந்தது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு கம்ப்யூட்டரில் அம்மார்க்கம் மாற்றப்பட்டது. புதிய வழி மலையின் மீதே சென்றது. விமானிகளிடம் எவரும் சொல்லவில்லை! ரயில்வேயில் சிறிது தூரம் வேகத்தைக் குறைப்பதென்றாலும், உத்தரவை எழுத்தில் கொடுத்து ஓட்டுநரிடம் கையொப்பம் வாங்குகிறோம்.

1980இல் வெளியான முதல் அறிக்கை விமானிகள் மீதே பழி சுமத்தியது. 1981இல் நீதிபதி பீட்டர் மாஹன் தலைமையிலான விசாரணைக் கமிஷன் அப்பழியை நீக்கி, கம்பெனி நிர்வாகத்தைக் கண்டித்தது. மாண்டவர்களின் குடும்பத்தாரிடம் அந்நாட்டு அரசாங்கம் மன்னிப்புக் கோரியதோ 2019இல்தான். அதற்குள் நாற்பது ஆண்டுகள் சென்றுவிட்டன.