அரிசி நம்முடையது, நன்றி யாருக்கு?

2022இல் வருமான வரிக் கணக்குக்கான ஜூலை 31 நெருங்கியபோது கடிதங்கள் குவிந்தன. பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் பரபரப்புக்கு நடுவிலும் மாமல்லபுரம், கல்பாக்கம் வாசகர்கள் விடவில்லை: பொருளாதார நெருக்கடியில் சிக்கிய இலங்கைக்காக முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்ததை வருமான வரியில் கழிக்கலாமா? கழிக்கலாம், ஆனால் அந்த ஆண்டுக் கணக்கில் அல்ல. அந்த 31ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது மார்ச் 2022 வரையிலான கணக்கு. முதல்வர் நன்கொடை கேட்டதே மே மாதம்தான். ரசீதை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்க வேண்டியிருந்தது. பழைய வரி முறையில் 80ஜி பிரிவின்படி முழுத் தொகைக்கும் கழிவு இருந்தது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இல்லை.

சிலர் கேட்ட இன்னொரு கேள்விதான் வில்லங்கமானது. தமிழ்நாடு அனுப்பிய அரிசி கொழும்பில் இறங்கும்போது எப்படி ‘இந்திய மக்களின்’ உதவியாகிறது?

நிவாரணக் கப்பல் என்பது அறிக்கைகளின் மொழி. மே 18 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்த ‘டான் பின் 99’ சாதாரணச் சரக்குக் கப்பல்தான். 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து ஏறின. மொத்தத் திட்டம் 123 கோடி ரூபாய். அதில் 40,000 டன் அரிசிக்கு 80 கோடி. கிலோ 20 ரூபாய் ஆகிறது. அந்த விலைக்கு எந்தக் கடையில் கிடைக்கிறது என்று இல்லத்தரசிகள் கேட்டால் என்னிடம் பதிலில்லை.

வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. ஒரு மூட்டை அனுப்பவும் மாநிலத்துக்கு டெல்லியின் சம்மதம் வேண்டும். ஏப்ரல் 29 சட்டமன்றத் தீர்மானம் அந்தச் சம்மதத்தைக் கேட்ட விண்ணப்பம்தான். கிடைத்தது, கப்பல் போனது. மே 22 அன்று கொழும்பில் சரக்கை ஒப்படைத்தவர் இந்தியத் தூதர் கோபால் பாக்லே, வாங்கியவர் இலங்கையின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜி.எல்.பீரிஸ். அப்போதைய இலங்கைப் பிரதமர் ரணில் சாமர்த்தியசாலி: ஸ்டாலினுக்கும் இந்திய மக்களுக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிட்டார். ஆக, பணம் கோட்டையிலிருந்து போனது; பெயரில் பெரும்பங்கு டெல்லிக்கு.

வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழர்களுக்கு என்றுதான் முதலில் பேச்சு. பிரித்துக் கொடுக்க வேண்டாம் என்று அங்குள்ள தமிழர் தரப்பே சொன்னதால் எல்லோருக்கும் என்றானது. சரியான முடிவுதான். ஆனால் யாருக்கு எத்தனை கிலோ என்பது கொழும்பு அரசின் கையில் இருந்தது. அந்த அரசோ இப்போது இல்லை: அதிபர் கோத்தபய ஜூலை 13 அன்று நாட்டைவிட்டே ஓடினார், பீரிஸும் அமைச்சராக இல்லை. நல்லெண்ணத்தை வாங்கி வைத்தவர்கள் போன பிறகு அதை யாரிடம் கேட்பது?

நல்லெண்ணம் நிலைக்காததை மாலத்தீவில் முன்பே பார்த்தாயிற்று. 2014 டிசம்பரில் மாலே நகரின் குடிநீர் ஆலையில் தீப்பிடித்தபோது இந்தியக் கடற்படைக் கப்பல் ‘ஐஎன்எஸ் சுகன்யா’ மறுநாளே தண்ணீரோடு போய் நின்றது. அப்போதைய அதிபர் யாமீன்தான் 2018இல் இந்தியா கொடுத்திருந்த ஹெலிகாப்டர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வாசகர்களின் மற்ற கேள்விகள்:

இப்படி உதவுவதில் சீனாவோடு போட்டியா? ஆமாம், 2019இல் மாமல்லபுரம் வந்த சீன அதிபர் ஷி ஜின்பிங்கின் கடற்படையிடம் ‘பீஸ் ஆர்க்’ என்ற மருத்துவமனைக் கப்பலே இருக்கிறது, 2017இல் அது கொழும்புக்கும் வந்தது.

2004 சுனாமியின்போது நமக்கு உதவ வெளிநாட்டு அரசுகள் முன்வரவில்லையா? முன்வந்தன, டெல்லி வேண்டாம் என்றது, அதே வாரம் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் கப்பல் அனுப்பியது.

இலங்கைக்குச் செய்த உதவியால் நம் மீனவர்கள் அங்கே கைதாவது நிற்குமா? நிற்கவில்லை, 2022 ஜூலையிலும் கைதுகள் நடந்தன.