கப்பல் பணியாளர்களின் மருத்துவ வெளியேற்றம்

கப்பல் பணியாளர்களின் மருத்துவ வெளியேற்றம் என்பது கடலிலோ தொலைதூரத் துறைமுகத்திலோ உள்ள கப்பலில் கடும் நோயுற்ற அல்லது காயமடைந்த பணியாளரை, உரிய சிகிச்சை கிடைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் நடவடிக்கை ஆகும். கப்பல் தலைவர், தொலைத்தொடர்பு வழி ஆலோசனை தரும் மருத்துவர், மீட்பு ஒருங்கிணைப்பு மையம், கப்பல் முகவர், காப்பீட்டாளர், துறைமுக அதிகாரிகள் எனப் பலர் இதில் ஒரே நேரத்தில் ஈடுபடுகின்றனர். நோயாளியைத் தூக்கிச் செல்வதைவிட இவர்களின் பணிகளை உரிய வரிசையில் இணைப்பதே பல வேளைகளில் கடினமானது.

தேவை

பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் மருத்துவர் இருப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்டோருடன் 3 நாட்களுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணங்களில் வழக்கமாக ஈடுபடும் கப்பல்களில் மட்டுமே மருத்துவர் கட்டாயம். இருபது, இருபத்தைந்து பேர் பணிபுரியும் சரக்குக் கப்பலில், மருத்துவப் பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவரே மருந்துகளுக்கும் சிகிச்சைக்கும் பொறுப்பேற்கிறார். ஊசி போடுவதும் காயத்துக்குத் தையலிடுவதும் அவரால் இயலும். அறுவை சிகிச்சை, இரத்தம் ஏற்றுதல், எக்ஸ்ரே எடுத்தல் ஆகியவை கப்பலில் இயலாதவை.

தொலைவு இச்சிக்கலைப் பெரிதாக்குகிறது. 14 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் 24 மணி நேரத்தில் 336 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 622 கி.மீ. மட்டுமே கடக்கும். இரத்தக்கட்டியால் பக்கவாதம் ஏற்பட்டவருக்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நடுக்கடலில் இந்தக் கால எல்லை பெரும்பாலும் கடந்துவிடும். மாறாக, குடல்வால் அழற்சியை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் சில காலம் கட்டுக்குள் வைத்து, கரையை அடைய வாய்ப்பு உண்டு. ஆகவே, எவ்வளவு விரைவாக வெளியேற்ற வேண்டும் என்பதை நோயின் தன்மையே முதலில் தீர்மானிக்கிறது.

தொலைத்தொடர்பு வழி மருத்துவ ஆலோசனை

கப்பலில் ஒருவர் நோயுற்றதும், பொறுப்பு அலுவலர் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பநிலை, வலியின் இடம், கொடுத்த மருந்துகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கரையில் உள்ள மருத்துவரைத் தொடர்பு கொள்கிறார். இத்தகைய சேவைகளில் பழமையானவற்றுள் ஒன்று, 1935இல் உரோமில் மருத்துவர் குயிதோ குயிதாவால் நிறுவப்பட்ட பன்னாட்டு வானொலி மருத்துவ மையம். வானொலித் தந்தியின் முன்னோடியான மார்க்கோனி இதன் முதல் தலைவராக இருந்தார். கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்கியிருந்தாலும், இரவு பகல் எந்நேரமும், இவ்வகை ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கூறுகிறது. இன்மர்சாட் செயற்கைக்கோள் தொலைபேசியில் மருத்துவ ஆலோசனைக்கு 32, மருத்துவ உதவிக்கு அல்லது வெளியேற்றத்துக்கு 38 என்ற குறுக்க எண்கள் உள்ளன.

மருத்துவர் பரிந்துரைப்பதால் மட்டும் வெளியேற்றம் நடந்துவிடாது. வானிலை, தொலைவு, மீட்போருக்கான ஆபத்து ஆகியவற்றை மீட்பு ஒருங்கிணைப்பு மையம் எடைபோடுகிறது. கப்பலின் பாதுகாப்பு குறித்த இறுதி முடிவு கப்பல் தலைவருடையது.

செயல்முறை

திசைமாற்றம்: பெரும்பாலும் முதல் நடவடிக்கை, கப்பலை அருகிலுள்ள பொருத்தமான துறைமுகத்தை நோக்கித் திருப்புவதாகும். இங்கு ‘பொருத்தமான’ என்ற சொல் முக்கியமானது. 10 மணி நேரத் தொலைவில் உள்ள துறைமுகத்தில் சிறு மருந்தகம் மட்டுமே இருந்து, 20 மணி நேரத் தொலைவில் இதய சிகிச்சைப் பிரிவுடன் கூடிய மருத்துவமனை இருந்தால், இரண்டாவதே சரியான தேர்வாக இருக்கக்கூடும்.

ஹெலிகாப்டர் மூலம் மாற்றுதல்: கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டருக்குள் வந்த பிறகே பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் கப்பலை எட்ட முடியும். ஆகவே கப்பல் கரையை நோக்கியும் ஹெலிகாப்டர் கப்பலை நோக்கியும் வந்து, இடையில் சந்திப்பதாகத் திட்டமிடப்படுகிறது. மேல்தளத்தில் தளர்வாக உள்ள பொருட்கள் முன்கூட்டியே அகற்றப்படுகின்றன. இறக்கப்படும் கம்பியின் கொக்கி முதலில் தளத்தையோ கடல்நீரையோ தொட்டு நிலைமின்சாரம் வெளியேறிய பின்னரே அதைக் கையால் பிடிக்க வேண்டும். கம்பியைக் கப்பலின் எந்தப் பகுதியிலும் கட்டக்கூடாது. கட்டினால் ஹெலிகாப்டரே விபத்துக்குள்ளாகும்.

துறைமுகப் பணிகள்: கப்பல் வந்து சேருமுன்பே உள்ளூர் முகவரின் வேலை தொடங்கிவிடுகிறது. படகு, மருத்துவ ஊர்தி, மருத்துவமனைப் படுக்கை, குடிவரவு அனுமதி, துறைமுக சுகாதார அலுவலரின் ஒப்புதல் ஆகியவற்றை அவர் ஏற்பாடு செய்கிறார். நோயாளியுடன் கடவுச்சீட்டு, மாலுமிப் பதிவேடு, நோய்க்குறிப்பு, கொடுக்கப்பட்ட மருந்துகளின் பட்டியல் ஆகியவை செல்ல வேண்டும். கடவுச்சீட்டு கப்பல் தலைவரின் பெட்டகத்திலேயே தங்கிவிட்டால், சிகிச்சைக்குப் பின் நாடு திரும்பும் பயணம் பல நாட்கள் தள்ளிப்போகக்கூடும்.

வான்வழிப் பயணம்: உள்ளூர் மருத்துவமனையில் நிலைப்படுத்திய பின், தேவையெனில் நோயாளி விமானத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். பயணிகள் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள அழுத்தத்துக்குச் சமம். அந்நிலையில் உடலுக்குள் அடைபட்ட வாயு விரிவடையும். எனவே நுரையீரல் உறையில் காற்று புகுந்தவரையோ அண்மையில் வயிற்று அறுவை செய்துகொண்டவரையோ உடனே விமானத்தில் ஏற்றுவது ஆபத்தாகலாம். இத்தகையோருக்குக் காத்திருப்போ, தாழ்வாகப் பறக்கும் ஏர் ஆம்புலன்சோ தேவைப்படுகிறது.

தொலைதூரத் துறைமுகங்கள்

இலங்கையின் தென்முனையை ஒட்டிச் செல்லும் கப்பல்களுக்கு உதவி அருகிலேயே உள்ளது. கொழும்பு மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தின் வழிகாட்டலில் படகு மூலம் காலி துறைமுகத்துக்கு வரும் நோயாளி, அதே நகரின் கராப்பிட்டிய மருத்துவமனையை அடையலாம். எல்லா இடங்களிலும் இவ்வாறில்லை.

மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கப்பல் வழித்தடம் பெரிய நிக்கோபார் தீவுக்குத் தெற்கே செல்கிறது. அத்தீவின் காம்பெல் விரிகுடாவில் 2012 முதல் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். பாஸ் வானூர்தித் தளம் உள்ளது. ஆயினும் உயர்சிகிச்சைக்கு நோயாளியை முதலில் போர்ட் பிளேருக்கும், தேவையெனில் அங்கிருந்து ஏறத்தாழ 1,370 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக்கும் கொண்டு செல்ல வேண்டியுள்ளது.

தென் அத்திலாந்திக்கில் உள்ள செயின்ட் எலனா தீவில் 2017இல்தான் வணிக விமான சேவை தொடங்கியது. அதற்கு முன் கேப் டவுனுக்குச் செல்ல ஏறத்தாழ 5 நாள் கப்பல் பயணம் தேவைப்பட்டது. அதன் தெற்கே உள்ள திரிசுதான் டா குன்ஃகாவில் இன்றும் விமான ஓடுபாதை இல்லை. கேப் டவுன் ஏறத்தாழ 2,800 கி.மீ. தொலைவில் உள்ளது. அத்தீவின் சிறு துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்கள் நுழைய முடியாது. அலை அடங்கும்வரை படகும் இறங்க முடியாது.

செலவும் பொறுப்பும்

பணிக்காலத்தில் ஏற்படும் நோய், காயம் ஆகியவற்றுக்கான சிகிச்சை, நாடு திரும்பும் பயணம் ஆகியவற்றின் செலவு கப்பல் உரிமையாளரைச் சேரும். சிகிச்சைச் செலவுக்கான பொறுப்பை நாட்டுச் சட்டங்கள் கால அளவால் வரையறுக்கலாம். ஆனால் அது 16 வாரங்களுக்குக் குறையக்கூடாது. உரிமையாளர்கள் கூட்டாக நடத்தும் பொறுப்புக் காப்பீட்டுச் சங்கங்கள் இச்செலவையும், திசைமாற்றத்தால் ஏற்படும் கூடுதல் எரிபொருள், துறைமுகக் கட்டணங்களையும் பொதுவாக ஈடுசெய்கின்றன. பல மருத்துவமனைகளும் ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனங்களும் பண உறுதிக் கடிதம் கேட்கும். நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் அக்கடிதத்தைத் தரக்கூடியவர் தொடர்பில் இருப்பது அவசியம்.

கொரோனா காலமும் சட்டத் திருத்தமும்

2020இல் பல நாடுகள் எல்லைகளை மூடியபோது, பணிமாற்றம் இன்றிக் கப்பல்களிலேயே தங்க நேர்ந்தோர் எண்ணிக்கை 4 இலட்சத்தை எட்டியதாகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது. கொரோனாவுக்குத் தொடர்பில்லாத நோய் கண்டோரையும் இறக்க விடாமல் சில துறைமுகங்கள் மறுத்தன. கப்பலும் முகவரும் படகும் ஆயத்தமாக இருந்தும், ஒரு கையெழுத்து கிடைக்காமல் நோயாளி நங்கூரமிடத்திலேயே காத்திருக்கும் நிலை ஏற்பட்டது.

இந்த அனுபவத்தின் விளைவாக, கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022இல் திருத்தங்கள் செய்யப்பட்டன. உடனடி சிகிச்சை தேவைப்படும் கடலோடிகளைத் தம் எல்லையில் உள்ள கப்பல்களிலிருந்து தாமதமின்றி இறக்கி, கரையிலுள்ள மருத்துவ வசதிகளை அளிப்பது நாடுகளின் கடமையாக்கப்பட்டது. இத்திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 அன்று நடைமுறைக்கு வந்தன.